தங்கும் படகில் முக்குளிப்புப் பயணம்: வசதியான படகைத் தேர்ந்தெடுத்தல்

ஸ்கூபா முக்குளிப்பில் ஈடுபடுவோர் பல நாட்கள் கடலிலேயே தங்கி, உண்டு, உறங்கி, நாளொன்றுக்கு மூன்று அல்லது நான்கு முறை நீரில் இறங்குவதற்கென்றே அமைக்கப்பட்ட படகு ‘லிவ்அபோர்டு’ எனப்படுகிறது. தமிழில் இதனைத் தங்கும் படகு எனலாம். எகிப்தின் செங்கடல், இந்தோனேசியாவின் ராஜா அம்பாட், தாய்லாந்தின் சிமிலன் தீவுகள், மாலத்தீவு ஆகிய இடங்களில் இவ்வகைப் படகுகள் மிகுதி. மாலத்தீவில் இவற்றை ‘சஃபாரி படகு’ என்பார்கள். இந்தியாவிலிருந்தும் இலங்கையிலிருந்தும் எளிதில் சென்றடையக் கூடிய இடம் என்பதால், இக்கட்டுரை மாலத்தீவையே எடுத்துக்காட்டாகக் கொள்கிறது.

படகு தேடுவோர் பெரும்பாலும் படங்களைப் பார்த்தே முடிவெடுக்கிறார்கள். மேல்தளத்தில் வெந்நீர்த் தொட்டி, சாய்வு நாற்காலிகள், அகலமான சாப்பாட்டு மேசை. இவையெல்லாம் நல்லவைதான். ஆனால் நாளுக்கு நான்கு முறை முக்குளிப்பவர் அந்தத் தொட்டியில் அரை மணி நேரம் உட்கார்ந்தால் அதிகம். மீதி நேரத்தில் அவர் தூங்குகிறார், சாப்பிடுகிறார், கருவிகளை மாட்டுகிறார், கழற்றுகிறார். எனவே வசதி என்பதை நல்ல உறக்கம், குறைந்த ஆட்டம், சிரமமின்றி நீரில் இறங்கி ஏறுதல், இரவில் ஆபத்து வந்தால் வெளியேற வழி என்ற நான்காகப் புரிந்துகொள்வதே சரி. இவற்றில் கடைசியைப் பற்றி விளம்பரங்கள் அநேகமாகப் பேசுவதில்லை.

முதலில் பருவமும் வழித்தடமும்

படகைப் பார்ப்பதற்கு முன் மாதத்தைப் பார்க்க வேண்டும். மாலத்தீவு என்பது கடலடி மலைத்தொடரின் மேல் வளையம் வளையமாக அமைந்த பவளத்தீவுக் கூட்டங்கள். இத்தகைய வளையத்துக்கு ஆங்கிலம் உள்ளிட்ட மொழிகளில் வழங்கும் ‘அட்டோல்’ என்ற சொல்லே மாலத்தீவின் திவெகி மொழியிலிருந்து சென்றதுதான். வளையத்துக்கு உள்ளே நீர் ஓரளவு அமைதியாக இருக்கும். ஒரு வளையத்திலிருந்து மற்றொன்றுக்குச் செல்லத் திறந்த கடலைக் கடக்க வேண்டும். படகு உண்மையில் ஆடுவது அங்கேதான்.

ஏறத்தாழ டிசம்பர் இறுதி முதல் ஏப்ரல் வரை வடகிழக்குப் பருவக்காற்று வீசும். அப்போது கடல் பெரும்பாலும் அமைதியாக இருக்கும், மழையும் குறைவு. மே முதல் தென்மேற்குப் பருவக்காற்று. அலையும் மழையும் கூடும், கட்டணம் குறையும். குறைந்த கட்டணத்தைக் கண்டு ஜூலையில் பதிவு செய்துவிட்டு, வளையங்களுக்கு இடையே கடக்கும்போது வாந்தியெடுத்துச் சோர்ந்து போவோர் உண்டு. அதற்காக அந்த மாதங்களை ஒதுக்கிவிடவும் வேண்டியதில்லை. நீரோட்டத்தின் திசை பருவத்தோடு மாறுவதால், வடகிழக்குப் பருவத்தில் வளையங்களின் மேற்குப் பக்கமும் தென்மேற்குப் பருவத்தில் கிழக்குப் பக்கமும் மிதவை உயிரிகள் நிறைந்து, மான்டா திருக்கைகளை ஈர்க்கின்றன. பா வளையத்திலுள்ள ஹனிஃபாரு விரிகுடாவில் அவை பெருங்கூட்டமாகத் திரள்வதும் தென்மேற்குப் பருவத்தில்தான். ஆனால் அங்கே ஸ்கூபா முக்குளிப்புக்கு அனுமதியில்லை. மூச்சுக்குழல் அணிந்து மேற்பரப்பில் நீந்திப் பார்க்கலாம். பயண நிரலில் அந்தப் பெயரைக் கண்டு, அங்கே முக்குளிக்கலாம் என்று எண்ணிவிடக் கூடாது.

முதன்முறை செல்வோருக்கு மாலேயைச் சுற்றிய நடு வளையங்களே ஏற்றவை. வட மாலே, தென் மாலே, வாவு, அரி ஆகியவற்றை ஏழு இரவுகளில் சுற்றி வரும் பயணம் மிகவும் வழக்கமானது. தென் அரியில் திமிங்கலச் சுறாக்களை ஆண்டின் எப்பருவத்திலும் காணும் வாய்ப்புண்டு. தொலை தெற்கில் உள்ள ஹுவது, ஃபுவாமுலா, அட்டு வரை செல்லும் பயணங்களில் நீரோட்டம் வலுவாக இருக்கும். அவை நன்கு பழகியவர்களுக்கே உரியவை. போக்கு அல்லது வரவுக்கு உள்நாட்டு விமானச் செலவையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

தோணி என்னும் துணைப்படகு

மாலத்தீவுப் பயணங்களின் சிறப்பு, தங்கும் படகிலிருந்து நேரடியாக நீரில் குதிப்பதில்லை என்பதே. கூடவே ஒரு சிறிய படகு வரும். அதன் பெயர் ‘தோனி’. நம் தோணிதான், ஒலி சற்று மாறியிருக்கிறது. சிலிண்டர்கள், காற்று நிரப்பும் கம்ப்ரசர், மிதவை உடுப்புகள், ஈர உடைகள் எல்லாம் தோணியிலேயே இருக்கும். முதல் நாள் உங்கள் கருவியைச் சிலிண்டரில் பொருத்திவிட்டால், வாரம் முழுவதும் அது அதே இடத்தில் நிற்கும். கம்ப்ரசரின் இரைச்சல் தூங்குபவர் காதுக்கு எட்டாது. தங்கும் படகில் உப்பு நீர் சொட்டச் சொட்ட யாரும் நடமாடுவதில்லை.

ஆகவே விசாரிக்கும்போது தோணியைப் பற்றித் தனியாகக் கேளுங்கள். எல்லோரும் ஒரே நேரத்தில் கருவி மாட்டிக்கொள்ள இடம் இருக்கிறதா, நிழல் உண்டா, நீரிலிருந்து ஏறும் ஏணி உறுதியானதா, அவசர ஆக்சிஜனும் வானொலித் தொடர்பும் தோணியிலேயே இருக்கின்றனவா? ஆக்சிஜன் தங்கும் படகில் மட்டும் இருந்து, தோணி அதிலிருந்து அரை மணி நேரத் தொலைவில் நின்றால் பயன் குறைவு. இருபது பேருக்கு ஒரு சிறு தோணி என்றால் ஒவ்வொரு முறையும் நெரிசலில் இடித்துக்கொண்டுதான் புறப்பட வேண்டியிருக்கும். தங்கும் படகின் நீளத்தை மட்டும் பெருமையாகச் சொல்லும் விளம்பரம் இதைச் சொல்லாது.

எந்த அறை?

படகின் ஆட்டம் எல்லா இடத்திலும் ஒரே அளவில் இருப்பதில்லை. நடுப்பகுதியிலும் நீர்மட்டத்துக்கு அருகிலும் மிகக் குறைவு. மேலே போகப் போகப் பக்கவாட்டு ஆட்டம் கூடும். முன்பக்கமான அணியத்தில் மேலும் கீழுமான தூக்கல் அதிகம். கடல் ஒவ்வாமை உள்ளவர்கள், கூடுதல் பணம் கொடுத்து மேல்தளத்து அறையை வாங்கிக்கொண்டு அவதிப்படுவது வேடிக்கையான முரண். அவர்களுக்குக் கீழ்த்தளத்தின் நடு அறையே, விலை குறைந்ததாயினும், வசதியானது.

கீழ்த்தளத்துக்கும் குறைகள் உண்டு. சன்னல் சிறியதாக இருக்கும். ஜெனரேட்டர் அருகில் இருந்தால் இரவு முழுவதும் அதன் அதிர்வு கட்டிலில் தெரியும். குளிரூட்டி ஓட வேண்டுமானால் ஜெனரேட்டரும் ஓடத்தான் வேண்டும். எனவே அறைகளின் வரைபடத்தை வாங்கி, எஞ்சின் அறை எங்கே என்று பார்த்துவிட்டு அறை எண்ணைச் சொல்லுங்கள். மாலத்தீவில் படகுகள் பொதுவாக இரவில் வளையத்துக்குள் நங்கூரமிட்டு நிற்கும், விடிந்த பிறகே நகரும். பவளத்திட்டுகளுக்கு இடையே இருட்டில் செலுத்துவது ஆபத்து. செங்கடலில் அப்படியல்ல. தொலைவிலுள்ள திட்டுகளை அடைய இரவில்தான் பயணம், ஆகவே அங்கே அறையின் இடம் இன்னும் முக்கியமாகிறது.

தனியாகச் செல்பவர் கேட்க வேண்டிய எளிய கேள்வி ஒன்று உண்டு. அறையில் இரண்டு தனிக் கட்டில்களா, ஒரே பெரிய கட்டிலா? முன்பின் அறியாத ஒருவருடன் ஏழு இரவு ஒரே மெத்தையில் படுக்க யாரும் விரும்பமாட்டார்கள். அதேபோல் சைவ உணவு வேண்டுவோர் பதிவு செய்யும்போதே எழுத்தில் தெரிவித்துவிட வேண்டும். மாலத்தீவுச் சமையலில் சூரை மீன் இல்லாத வேளை அரிது. புறப்பட்ட பின் கடைக்கு ஓட முடியாது.

இரவில் விழித்திருப்பவர் யார்?

2019 செப்டம்பர் 2 அன்று அதிகாலை, அமெரிக்காவின் கலிபோர்னியாக் கடற்கரைக்கு அப்பாலுள்ள சாண்டா குரூஸ் தீவின் அருகே நங்கூரமிட்டிருந்த ‘கன்செப்ஷன்’ என்ற முக்குளிப்புப் படகு தீப்பிடித்தது. கீழ்த்தளத்தில் உறங்கிக்கொண்டிருந்த 33 பயணிகளும் ஒரு பணியாளரும் இறந்தனர். மேலே உறங்கிய ஐந்து பணியாளர்கள் மட்டுமே உயிர் பிழைத்தார்கள். கீழ்த்தளத்திலிருந்து வெளியேற ஒரு படிக்கட்டும், கட்டிலுக்கு மேலே ஓர் அவசரத் திறப்பும் இருந்தன. இரண்டும் ஒரே கூடத்தில்தான் போய்த் திறந்தன. எரிந்துகொண்டிருந்தது அந்தக் கூடம். இரவில் சுற்றி வந்து கண்காணிக்க வேண்டிய காவலர் எவரும் விழித்திருக்கவில்லை. படகுத் தலைவருக்கு 2024இல் நான்கு ஆண்டுச் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது. தீ எப்படித் தொடங்கியது என்பதை விசாரணையால் உறுதிப்படுத்த முடியவில்லை.

2024 நவம்பர் 25 அன்று எகிப்தின் மர்சா ஆலம் பகுதிக்கு அப்பால் ‘சீ ஸ்டோரி’ என்ற படகு விடியற்காலையில் கவிழ்ந்தது. நால்வரின் உடல்கள் கிடைத்தன, ஏழு பேர் காணாமல் போயினர். அப்போதும் பலர் அறைகளில் உறங்கிக்கொண்டிருந்தார்கள்.

இந்த இரு நிகழ்வுகளும் மாலத்தீவில் நடந்தவையல்ல. ஆனால் மரத்தாலும் கண்ணாடி இழையாலும் கட்டி, கீழே அறைகளை அடுக்கி, நூற்றுக்கணக்கான மின்கலங்களை மின்னேற்றும் படகு எங்கும் ஒன்றுதான். எனவே பதிவுக்கு முன் மின்னஞ்சலில் மூன்று கேள்விகள் கேட்பது வீண் சந்தேகம் ஆகாது. கீழ்த்தள அறைகளிலிருந்து வெளியேற இரண்டு வழிகள் உள்ளனவா, அவை வெவ்வேறு இடங்களில் திறக்கின்றனவா? இரவு முழுவதும் விழித்திருந்து சுற்றி வரும் பணியாளர் உண்டா? கேமரா, விளக்கு மின்கலங்களை எங்கே மின்னேற்றுகிறார்கள்? அறைகளில் இரவு மின்னேற்றத்தைத் தடைசெய்து, திறந்த தளத்தில் ஆள் கண்காணிப்பில் மட்டும் அனுமதிக்கும் படகு என்றால் அதன் நிர்வாகம் யோசித்திருக்கிறது என்று கொள்ளலாம். இக்கேள்விகளுக்குத் தெளிவான பதில் தராமல், சாப்பாட்டின் சுவையைப் பற்றி எழுதும் நிறுவனத்தை விட்டுவிடுவது நல்லது.

ஏறிய முதல் நாளே பாதுகாப்பு விளக்கம் நடக்க வேண்டும். அதில் சொல்வதைக் கேட்டால் மட்டும் போதாது. உங்கள் கட்டிலிலிருந்து அவசர வழிவரை ஒருமுறை நடந்து பாருங்கள். பிறகு விளக்கை அணைத்துவிட்டுச் சுவரைத் தடவிக்கொண்டு மறுபடி நடந்து பாருங்கள். திறப்பின் தாழ்ப்பாள் உங்கள் கைக்குத் திறக்கிறதா என்றும் பாருங்கள். சக பயணிகள் சிரிக்கக்கூடும். சிரித்துவிட்டுப் போகட்டும்.

உடன் வருவோரும் வழிகாட்டிகளும்

மாலத்தீவு முக்குளிப்பின் இன்பமும் சிரமமும் நீரோட்டமே. வளையத்தின் வாய்க்கால்களில் நீர் வேகமாக உள்ளே பாயும்போதுதான் சுறாக்கள் வாயிலில் கூடுகின்றன. தொடக்கநிலைச் சான்றிதழ் 18 மீட்டர் ஆழத்துக்கே. மேல்நிலைச் சான்றிதழ் 30 மீட்டருக்கு. மாலத்தீவில் பொழுதுபோக்கு முக்குளிப்புக்கான சட்ட வரம்பும் 30 மீட்டர்தான். பல படகுகள் மேல்நிலைச் சான்றிதழையும் குறிப்பிட்ட எண்ணிக்கையிலான முன் அனுபவத்தையும் கேட்கின்றன. இதைத் தடையாக நினைக்க வேண்டாம். அனுபவம் கேட்காத படகில், பழகாத ஒருவர் பத்தே நிமிடத்தில் காற்றைத் தீர்த்துவிட, குழு முழுவதும் அவரோடு மேலேற நேரும். அந்த ஒருவர் நீங்களாக இருந்தால் அதைவிடச் சங்கடம்.

ஒரு வழிகாட்டிக்கு எத்தனை பேர் என்று கேளுங்கள். ஆறுக்கு மேல் போனால் நீரோட்டத்தில் எல்லோரையும் கவனிப்பது கடினம். நைட்ராக்ஸ் கிடைக்குமா என்பதும் கேட்கத் தக்கது. வழக்கமாக 32 சதவீத ஆக்சிஜன் கொண்ட இக்கலவை, உடலில் நைட்ரஜன் சேர்வதைக் குறைக்கிறது. நாளுக்கு நான்கு முறை, ஆறு நாட்கள் முக்குளிப்பவருக்கு இது பயனுள்ளது. தனிச் சான்றிதழ் வேண்டும். பெரும்பாலும் படகிலேயே அதைப் படித்துவிடலாம்.

செலவும் கடைசி நாளும்

விளம்பர விலை முழு விலையல்ல. 2025 முதல் படகுப் பயணிகளுக்குப் பசுமை வரி ஒருவருக்கு நாளொன்றுக்கு 12 டாலர். அதோடு எரிபொருள் கூடுதல் கட்டணம், கருவி வாடகை, பணியாளருக்கான அன்பளிப்பு ஆகியவை சேரும். இரு படகுகளை ஒப்பிடும்போது இவையெல்லாம் சேர்ந்த தொகையை ஒப்பிடுங்கள். சாதாரணப் பயணக் காப்பீடு பல நேரம் முக்குளிப்பு விபத்தை ஏற்காது. அதற்கென்றே உள்ள காப்பீடு வேண்டும். அழுத்தக் குறைவு நோய்க்கு உயரழுத்த அறைச் சிகிச்சையும், அங்கே கொண்டு செல்லும் செலவும் அதில் அடங்க வேண்டும்.

பல நாட்கள் தொடர்ந்து முக்குளித்தவர், கடைசி முக்குளிப்புக்குப் பின் குறைந்தது 18 மணி நேரமாவது விமானம் ஏறக் கூடாது. பெரும்பாலான படகுகள் ஒரு முழு நாளையே விட்டுவிடுகின்றன. தெற்கிலிருந்து மாலேவுக்குத் திரும்பும் உள்நாட்டு விமானத்துக்கும் இது பொருந்தும் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். ஆகவே ஏழு இரவுப் பயணம் என்றால் ஆறு நாள் முக்குளிப்பு என்றே கணக்கிட வேண்டும். கடைசி நாளில் படகு மாலேவுக்கு அருகே வந்து நிற்கும். கருவிகளை நன்னீரில் அலசி, தோணியின் கூரையில் வெயிலில் காயவைக்க அந்த நாள் போதுமானது.