பரணில் கிடக்கும் பொக்கிஷம்!

மயிலாப்பூர் என்றதும் கபாலீசுவரர் கோயிலும், தெப்பக்குளமும், பங்குனியில் நடக்கும் அறுபத்து மூவர் விழாவும் நினைவுக்கு வரும். மயிலைக்கு இன்னொரு பெருமையும் உண்டு. அது புத்தகப் பிரியர்களின் ஊர். 1901-ல் காலமான நீதிபதி ரானடேயின் நினைவாக லஸ்ஸில் ஒரு நூல்நிலையம் தோன்றியது. அதற்கு முயற்சி எடுத்தவர் மயிலைப் பிரமுகர் வக்கீல் வி. கிருஷ்ணசாமி ஐயர்.

அதே மயிலையில் இன்று பழைய வீடுகள் ஒவ்வொன்றாக இடிபடுகின்றன. அங்கே அடுக்கு மாடிகள் எழுகின்றன. வீட்டைக் காலி செய்யும்போது பரணில் இருக்கும் தகரப் பெட்டியும் கீழே இறங்குகிறது. அதற்குள் என்ன இருக்கும்? தாத்தாவின் கல்யாணப் பத்திரிகை, கச்சேரி நோட்டீஸ், அத்தை எழுதிய கடிதங்கள், பத்திரிகையிலிருந்து பிரித்து எடுத்து பைண்டு செய்த தொடர்கதை, பெயர் தெரியாத முகங்கள் நிறைந்த புகைப்படங்கள்!

பெட்டி நேரே பழைய பேப்பர் கடைக்குப் போகிறது. தராசில் ஏறுகிறது. ஒரு குடும்பத்தின் கதையும், ஒரு தெருவின் கதையும் அன்றோடு முடிந்துவிடுகின்றன.

இதைத் தடுக்க முடியுமா? முடியும். அதற்கு வேண்டிய கருவி உங்கள் கையிலேயே இருக்கிறது. காலையில் எழுந்ததும் “குட் மார்னிங்” படம் அனுப்புகிறீர்களே, அந்தக் கைபேசிதான்!

கோட்டையூர் முத்தையா

குப்பை என்று பிறர் தள்ளியதைச் செல்வம் என்று கண்டவர் ரோஜா முத்தையா. செட்டிநாட்டுக் கோட்டையூர்க்காரர். பழைய தமிழ் நூல்களைத் தேடித் தேடிச் சேர்த்தார். நாடக நோட்டீஸ்களையும் கல்யாணப் பத்திரிகைகளையும் கூட அவர் விட்டுவைக்கவில்லை. 1992-ல் அவர் காலமானார்.

அவர் சேர்த்ததன் மதிப்பை உணர்ந்து, பின்னர் அதை விலைக்கு வாங்கியது அமெரிக்காவின் சிகாகோ பல்கலைக்கழகம். ஆனால் நூல்கள் கடல் கடந்து போகவில்லை. சென்னையிலேயே ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் அமைந்தது. இன்று அது தரமணியில் இருக்கிறது. அங்கே நடக்கும் சொற்பொழிவுகளை யூடியூபில் வீட்டிலிருந்தபடியே கேட்கலாம். உங்களுக்குப் பிடித்த ஒன்றை நான்கு பேருக்கு அனுப்பினால், அதுவும் அந்த நூலகத்துக்குச் செய்கிற உதவிதான்.

கடிதம் செய்த வேலை

சமூக வலைத்தளம் புதிதாக இருக்கலாம். அது செய்யும் வேலை பழையதே. மகாமகோபாத்தியாய உ.வே. சாமிநாதையர் ஏடு தேடி ஊர் ஊராக அலைந்தார். அலைந்ததோடு நிற்கவில்லை. பலருக்கும் கடிதம் எழுதிக் கேட்டார். ஒருவருக்குத் தெரியாதது இன்னொருவருக்குத் தெரிந்திருந்தது. அவருடைய சேகரிப்பைக் காக்கும் நூல்நிலையம் பெசன்ட் நகரில் இருக்கிறது. அவருக்கு வந்த கடிதங்களும் அங்கே பத்திரமாக உள்ளன. அன்று கடிதம் செய்ததை இன்று முகநூலும் வாட்ஸ்அப்பும் நொடியில் செய்கின்றன.

புத்தகத்துக்கும் தத்து!

நுங்கம்பாக்கம் கல்லூரிச் சாலையில் ஒரு சிவப்புக் கட்டடம் இருக்கிறது. அதுதான் 1812-ல் தொடங்கிய சென்னை இலக்கியச் சங்கத்தின் நூலகம். சென்னை அருங்காட்சியகம் 1851-ல் தொடங்குவதற்கு முதலில் யோசனை சொன்னதும் இந்தச் சங்கமே.

இவ்வளவு பழைய நூலகத்தில் நூல்கள் நைந்து போகாமல் இருக்குமா? அதற்காக வந்ததுதான் “புத்தகத்தைத் தத்தெடுங்கள்” என்ற திட்டம். ஒரு நூலைச் செப்பனிட ஆகும் செலவை ஓர் அன்பர் ஏற்றுக்கொள்கிறார். இந்தச் செய்தி முகநூல், இன்ஸ்டாகிராம் வழியாகப் பரவியது. அந்தக் கட்டடத்தை அறியாத இளைஞர்களும் தேடி வந்தார்கள். சிலர் பணம் தந்தார்கள். சிலர் தூசு தட்டவும் அடுக்கவும் கை கொடுத்தார்கள்.

பெயர் சொன்ன ஜனங்கள்

அமெரிக்காவின் காங்கிரஸ் நூலகம் உலகப் பெரும் நூலகங்களில் ஒன்று. அங்கேயும் பெயர் தெரியாத படங்கள் ஏராளம். 2008 ஜனவரியில் சுமார் 3,000 பழைய படங்களை ஃபிளிக்கர் என்ற வலைத்தளத்தில் போட்டது. தெரிந்தவர்கள் விவரம் எழுதலாம் என்றது. இது இன்ன தெரு, இவர் இன்னார் என்று பொதுஜனங்கள் எழுதினார்கள். நூலகத்தார் அவற்றைச் சரிபார்த்துத் தங்கள் பதிவேட்டில் சேர்த்துக்கொண்டார்கள். பெரிய படிப்பாளிக்குத் தெரியாதது ஒரு பாட்டிக்குத் தெரிந்திருக்கலாம் அல்லவா?

எரிந்த பின்

1981-ம் ஆண்டு மே மாதம் முடிந்து ஜூன் பிறந்த இரவில் யாழ்ப்பாணம் பொது நூலகம் தீக்கிரையாயிற்று. சுமார் 97,000 நூல்களும் ஏடுகளும் சாம்பலாயின. தமிழர் நெஞ்சில் ஆறாத புண் அது. 2005-ல் “நூலகம்” என்ற திட்டம் பிறந்தது. ஈழத்து நூல்களையும் பத்திரிகைகளையும் படமெடுத்து, யாரும் இலவசமாகப் படிக்கும்படி இணையத்தில் வைக்கிறார்கள். பல நாடுகளில் வாழும் தமிழர்கள் இதற்குத் துணை நிற்கிறார்கள். யாரோ ஒருவர் வீட்டில் பத்திரமாக இருந்த ஒரு பிரதி, இப்படி உலகத்துக்கே கிடைத்துவிடுகிறது.

தண்டோரா வேறு, பெட்டகம் வேறு

இங்கே ஓர் எச்சரிக்கை. வலைத்தளத்தில் போட்டுவிட்டால் படம் என்றும் நிலைக்கும் என்று நம்ப வேண்டாம். ஆர்க்குட் என்றொரு தளம் இருந்தது. நம் இளைஞர்கள் அதில் மூழ்கிக் கிடந்தார்கள். 2014-ல் அதை மூடிவிட்டார்கள்! வலைத்தளம் ஊருக்குச் செய்தி சொல்லும் தண்டோரா. நூலகமும் அருங்காட்சியகமும் ஆவணக் காப்பகமுமே பொருளைக் காக்கும் பெட்டகம். தண்டோரா போட்டு, பொருளைப் பெட்டகத்தில் சேர்க்க வேண்டும்.

நீங்கள் செய்யக் கூடியவை

பழைய படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் வைத்து, பிளாஷ் இல்லாமல் கைபேசியில் எடுங்கள். குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டு, “யார்? எந்த ஊர்? எந்த வருஷம்?” என்று கேளுங்கள். வரும் பதில்களை ஒரு நோட்டில் எழுதுங்கள். படத்தின் பின்புறம் பென்சிலால் மெதுவாகக் குறியுங்கள். பேனா வேண்டாம், மை ஊறிவிடும்.

வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் படத்தின் தெளிவு குறையும். “டாக்குமெண்ட்” என்ற வழியில் அனுப்பினால் குறையாது.

பழைய நூலையும் நோட்டீஸையும் எடைக்குப் போடுமுன் ஒரு நூலகத்துக்குப் படம் அனுப்பிக் கேளுங்கள். எல்லாவற்றையும் எடுத்துக்கொள்ள மாட்டார்கள். ஆனால் நீங்கள் சாதாரணம் என்று நினைத்ததே அவர்கள் தேடிக்கொண்டிருந்ததாக இருக்கலாம்.

குழந்தைகளை நூலகத்துக்கோ அருங்காட்சியகத்துக்கோ அழைத்துச் செல்லுங்கள். அனுமதி கேட்டுப் படம் எடுங்கள். போகும் வழியையும் திறக்கும் நேரத்தையும் சேர்த்துப் போடுங்கள். “அழகாக இருக்கிறது” என்று மட்டும் எழுதினால் படிப்பவர் ரசித்துவிட்டுப் போய்விடுவார். வழி சொன்னால் வந்து சேருவார்.

பிறர் வீட்டு அந்தரங்கக் கடிதத்தை ஊரறியப் போடக் கூடாது. நூல் முழுவதையும் படமெடுத்துப் பரப்புவதும் தவறு. நம் நாட்டில் ஆசிரியர் காலமாகி 60 ஆண்டுகள் வரை நூலுக்குப் பதிப்புரிமை உண்டு.

இதற்கெல்லாம் பெரிய பணம் வேண்டாம். பொழுது மட்டும் வேண்டும். அதுவும் குறைவாகத்தான் இருக்கிறது. படத்தைக் காகிதமாக இன்னும் சில காலம் காத்து வைக்கலாம். படத்தில் இருப்பவர் யாரென்று சொல்லக் கூடிய பெரியவர் நம்மோடு இருக்கும்போதே கேட்டுவிட வேண்டும் அல்லவா?