புலவி நுணுக்கத்தில் ஐயமும் மொழியும்

திருக்குறளின் 132ஆம் அதிகாரம் புலவி நுணுக்கம். புலத்தற்குக் காரணம் இல்லாதிருக்கவும், நுண்ணிய காரணம் ஒன்று உளதாகக் கருதி அதனைக் கணவன்மேல் ஏற்றி மனைவி புலத்தல் என இதனைப் பரிமேலழகர் விளக்குவார். கணவனுக்குப் பிற மகளிர் தொடர்பு உண்டோ என்னும் ஐயமே அக்காரணங்களுள் பெரும்பாலானவற்றின் அடிப்படை. சான்றில்லாத ஐயம் மொழியைப் பற்றி வளரும் முறையை இவ்வதிகாரம் தெளிவாகக் காட்டுகிறது.

எவரைக் காட்டிலும் நாம் காதல் மிக்கோம் என்கிறான் கணவன் (1314). காதலர் பிறரோடு தம் இருவரையும் ஒப்பிடுவது அவன் கருத்து. அவன் காதலிக்கும் மகளிர் பலரோடு தன்னை ஒப்பிட்டதாக அவள் கொள்கிறாள். ஒப்பிடப்படுவோர் யாவர் என்பது தொடரில் வெளிப்படையாக இல்லாமையால் இரு பொருளுக்கும் இடமுண்டாகிறது. இப்பிறப்பில் பிரியோம் என்றவுடன் அவள் கண் கலங்குகிறாள் (1315). ஓர் எல்லை கூறப்பட்டால் அதற்கு அப்பால் அக்கூற்று பொருந்தாது எனக் கேட்போர் உய்த்துணர்வர். இத்தகைய உய்த்துணர்வைக் கிரைஸ் என்னும் மெய்யியலார் 1975இல் வெளியான கட்டுரையில் உரையாடல் உட்குறிப்பு என விளக்கினார். உன்னை நினைத்தேன் என்னும் கூற்றிலிருந்து இடையே மறந்தமையை அவள் வருவித்துக்கொள்கிறாள் (1316).

சொல்லோடு இந்நிலை நின்றுவிடவில்லை. பிறர் நினைத்தால் தும்மல் வரும் என்பது நம்பிக்கை. தும்மினால், நினைத்தவள் யார் என அழுகிறாள் (1317). தும்மலை அடக்கினால், நினைப்பவரை மறைப்பதாக அழுகிறாள் (1318). பேசாது நோக்கினும், யாரோடு ஒப்பிடுகிறீர் எனச் சினக்கிறாள் (1320). சொல், செயல், மௌனம் ஆகிய மூன்றும் ஐயத்திற்குச் சான்றாகிவிடுகின்றன. எனவே ஐயத்தை மறுப்பதற்குரிய வழி எதுவும் கணவனுக்கு எஞ்சவில்லை.

எனினும் மனைவியின் ஐயத்தை வெறும் பேதைமை எனத் தள்ளுதல் பொருந்தாது. தலைவனின் பரத்தையிற் பிரிவு சங்க அகப்பாடல்களில் மருதத்திணையின்கண் பலவாறு பாடப்பட்டுள்ளது. அம்மரபின் பின்னணியில் நோக்கினால், அவள் அச்சம் உலகியலில் வேரூன்றியது என்பது விளங்கும். பிறன்மனை நயத்தலையும் பொருட்பெண்டிர் தொடர்பையும் வள்ளுவர் தனி அதிகாரங்களில் (15, 92) கண்டித்திருப்பதும் இங்குக் கருதத்தக்கது. மேலும், 1314 முதல் 1320 வரையுள்ள ஏழு குறள்களும் கணவன் கூற்றாக அமைந்தவை. அவன் குற்றமற்றவன் என்பதையும் அவன் வாய்மொழியாகவே அறிகிறோம்.

ஒரு தொடரின் பல பொருள்களுள் ஒன்றைத் தேர்வது இலக்கணம் மட்டுமன்று. பேசுவோர்மேல் கேட்போர் கொண்டுள்ள நம்பிக்கையும் ஆகும். நெடுநாள் இல்லறத்தில் தம்பதியர் பலவற்றைச் சொல்லாமலே விளங்கிக்கொள்வர். நம்பிக்கை உள்ளவரை சொல்லப்படாதவை உறவுக்குத் துணையாகும்; அது தளர்ந்தால் அவையே மறைவுகளாகத் தோன்றும். புலவி உப்பைப் போல் அளவோடு அமைதல் வேண்டும் என 1302ஆம் குறள் வரையறுப்பதற்குரிய காரணமும் இதனால் புலனாகும்.