முன்பணம் கொடுத்தாயிற்று, வேலை வரவில்லை: என்ன செய்வது?



இம்முறை என் தவறு ஒன்றிலிருந்தே தொடங்குகிறேன். நம் மதரஸாவின் புதிய கூடத்தில் மாட்டுவதற்காக, அரபு எழுத்தணிப் பலகை ஒன்று செய்துதரும்படி வெளியூர் ஓவியர் ஒருவரிடம் சென்ற ஆண்டு சொன்னேன். பேசிய தொகை 30,000 ரூபாய். முன்பணமாக 18,000 ரூபாயை அறக்கட்டளைக் கணக்கிலிருந்து அனுப்பினேன். "ரமலானுக்கு முன்னால முடிச்சுடுறேன் பாய்" என்றார்.

ரமலான் வந்தது, பெருநாளும் போனது. முதலில் "அடுத்த வாரம்" என்று பதில் வந்தது. பிறகு வாட்ஸ்அப்பில் நீல டிக் மட்டும் விழுந்தது. அதன்பின் ஃபோன் அடித்தாலும் எடுப்பதில்லை. ஆண்டுக் கணக்கைச் சரிபார்த்தபோது பொருளாளர் கேட்டார்: "இந்தப் பதினெட்டாயிரத்துக்குப் பேப்பர் எங்கே?" பணம் அனுப்பிய ரசீது ஒன்றுதான் என்னிடம் இருந்தது. பலகையின் அளவு, மரம், தேதி எல்லாம் வாய்ப்பேச்சு. என் சொந்தப் பணமாக இருந்தால் வருத்தத்தோடு போயிருக்கும். இது நீங்கள் தந்த அமானத்.

வீட்டுக்கு ஆயத்துல் குர்ஸி பலகை, நிக்காஹ் அழைப்பிதழ் வடிவமைப்பு, மணப்பெண் உடைக்கு ஆரி வேலை என்று பணம் கொடுத்துவிட்டுக் காத்திருக்கும் குடும்பங்கள் நம் அலுவலகத்துக்கும் வருகின்றன. அதனால் நான் கற்றதை வரிசையாகச் சொல்கிறேன்.

முடியாதவரா, மனமில்லாதவரா?

பதில் சொல்லாதவர் எல்லோரும் ஏமாற்றுக்காரர் அல்லர். கைவேலை செய்பவர்களில் பலர் இன்று வாங்கும் முன்பணத்தில் நேற்றைய வேலைக்குப் பொருள் வாங்குகிறார்கள். ஒரு வேலை தாமதமானால் எல்லாம் சரிகிறது. வீட்டில் நோய் வரலாம். முடியாது என்று சொல்ல வெட்கப்பட்டே ஃபோனை எடுக்காமல் இருப்பவர்களும் உண்டு. வசதி இருந்தும் இழுத்தடிப்பவர்களும் உண்டு.

மார்க்கம் இந்த இருவரையும் ஒன்றாக நடத்தவில்லை. நெருக்கடியில் இருப்பவருக்கு அவகாசம் கொடுக்கும்படி சூரத்துல் பகராவின் 280வது வசனம் வழிகாட்டுகிறது. வசதி உள்ளவர் தவணை சொல்லித் தட்டிக்கழிப்பது அநியாயம் என்ற கருத்தில் நபிமொழியும் இருக்கிறது. ஆகவே நம் முதல் வேலை, அவர் இந்த இரண்டில் யார் என்று தெரிந்துகொள்வது. கோபமாக அனுப்பும் இருபது வாய்ஸ் மெசேஜில் அது தெரியாது.

முதல் படி: சேர்த்து வையுங்கள்

பணம் அனுப்பிய ரசீது, உரையாடல், அவர் அனுப்பிய மாதிரிப் படங்கள் எல்லாவற்றையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வேறோர் இடத்திலும் வையுங்கள். என்ன பேசினோம், எவ்வளவு கொடுத்தோம், எந்தத் தேதிக்குச் சொன்னார் என்பதை ஒரு தாளில் எழுதுங்கள். பாதி வேலையில் நாம் மாற்றம் கேட்டிருந்தால் அதையும் மறைக்காமல் எழுதுங்கள். எங்கள் தாளில் "நடுவில் எழுத்து வடிவத்தை மாற்றச் சொன்னோம்" என்ற வரியும் இருந்தது. தாமதத்தில் எங்களுக்கும் பங்கு உண்டு என்பது அப்போதுதான் உறைத்தது.

இரண்டாம் படி: ஒரே கடிதம், மூன்று வழிகள்

மரியாதையான ஒரு கடிதம் போதும். நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லி, மூன்று வழிகளை வையுங்கள்: புதிய தேதி சொல்லி வேலையை முடிக்கலாம், முடிந்தவரை உள்ளதைக் கொடுத்து அதற்குரிய தொகையைக் கழித்துக்கொள்ளலாம், பணத்தைத் திருப்பித் தரலாம், தேவைப்பட்டால் தவணையில். பதில் சொல்ல 15 நாள் கொடுங்கள். வாட்ஸ்அப்பில் அனுப்புவதோடு ஸ்பீடு போஸ்டிலும் அனுப்பி, ரசீதையும் கடிதம் சேர்ந்ததற்கான சான்றையும் பத்திரப்படுத்துங்கள்.

கடிதம் போன ஒன்பதாம் நாள் அந்த ஓவியரே அழைத்தார். பணம் செலவாகிவிட்டதாம், என்ன சொல்வதென்று தெரியாமல் இருந்தாராம். பலகையும் வண்ணமும் வாங்கிய 4,500 ரூபாய்க்குப் பில் காட்டினார். அந்தப் பொருளை நமக்கே அனுப்பிவிட்டார். மீதி 13,500 ரூபாயை மூன்று தவணையில் தருவதாக எழுதிக் கொடுத்தார்.

மூன்றாம் படி: நடுவர், பிறகு சட்டம்

அவர் அதே ஊரிலோ பக்கத்து ஊரிலோ இருந்தால் ஜமாஅத் பெரியவர் ஒருவரை நடுவில் வைத்துப் பேசலாம். முடிவை எழுதி இருவரும் கையெழுத்திட வேண்டும்.

அதற்கும் அசையாதவர் என்றால் சட்டத்தின் உதவியைத் தேடத் தயங்க வேண்டாம். சொந்தத் தேவைக்காகப் பணம் கொடுத்து வேலை ஒப்படைத்தவர் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-ன் கீழ் முறையிடலாம். முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழையுங்கள். அங்கே தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் மனுவுக்குக் கட்டணம் இல்லை. நாம் வசிக்கும் மாவட்டத்திலேயே மனு கொடுக்கலாம், இணையவழியிலும் கொடுக்கலாம், வக்கீல் வைத்தே ஆக வேண்டும் என்பதும் இல்லை. பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் மனு போய்விட வேண்டும் என்பதை மட்டும் மறக்காதீர்கள். "நாளைக்குத் தருகிறேன்" என்பதை நம்பியே அந்தக் கெடுவைத் தவறவிடுபவர்கள் இருக்கிறார்கள்.

காவல் நிலையம் போகலாமா என்று பலர் கேட்கிறார்கள். வாக்குத் தவறியது மட்டுமே மோசடிக் குற்றம் ஆகாது. பணம் வாங்கும்போதே ஏமாற்றும் எண்ணம் இருந்திருக்க வேண்டும். ஆனால் அடுத்தவர் படைப்புகளைத் தன்னுடையது என்று காட்டிய போலிக் கணக்கு என்றோ, பணம் போனதும் எண்ணே மறைந்துவிட்டது என்றோ இருந்தால் காத்திருக்காமல் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930-ஐ அழையுங்கள். அங்கே ஒவ்வொரு மணி நேரமும் முக்கியம்.

குரூப்பில் போடலாமா?

எங்கள் கூட்டத்தில் ஒரு சகோதரர், "அவர் ஃபோட்டோவை எல்லா குரூப்பிலும் போடுவோம், தானாகப் பணம் வரும்" என்றார். எனக்கும் அந்த நேரம் அப்படித்தான் இருந்தது. நம் இமாம் தடுத்தார். அநீதி இழைக்கப்பட்டவர், தீர்த்துவைக்கும் அதிகாரம் உள்ளவரிடம் முறையிடுவது புறம் பேசுவதாகாது. அவரிடம் வேலை கொடுக்கலாமா என்று ஒருவர் கேட்டால் உண்மையைச் சொல்வதும் ஆகாது. இமாம் நவவி (ரஹ்) 'ரியாளுஸ் ஸாலிஹீன்' நூலில் இவ்விதிவிலக்குகளைக் குறித்துள்ளார்கள். ஆனால் சம்பந்தமே இல்லாத ஐந்நூறு பேருக்குப் படத்தோடு அனுப்புவது முறையீடு ஆகாது. அவதூறு வழக்கு நம்மீதே திரும்பவும் வழி உண்டு. அன்று அப்படிப் போட்டிருந்தால், அந்த ஓவியர் ஒன்பதாம் நாள் ஃபோன் செய்திருக்க மாட்டார் என்றே நினைக்கிறேன்.

முதலிலேயே எழுதியிருந்தால்

ஒரு பொருளைச் செய்துதரச் சொல்வது மார்க்கத்துக்குப் புதிதல்ல. நபி (ஸல்) அவர்கள் முத்திரை மோதிரம் செய்யச் சொன்னார்கள், மிம்பரையும் செய்யச் சொன்னார்கள். ஹனஃபி ஃபிக்ஹில் இவ்வகை ஒப்பந்தத்துக்கு 'இஸ்திஸ்னாஃ' என்று பெயர். பொருளின் வகை, அளவு, தன்மை, விலை எல்லாம் தெளிவாக இருக்க வேண்டும் என்பது அதன் நிபந்தனை. ஷாஃபியீ மத்ஹபில் இதை 'ஸலம்' விதிகளோடு சேர்த்துப் பார்ப்பார்கள். அதில் முழுத் தொகையும் முன்பே கொடுக்கப்பட வேண்டும் என்பதால், அவரவர் ஆலிமிடம் கேட்டுச் செய்வது நல்லது. தவணை குறித்த கொடுக்கல் வாங்கலை எழுதிக்கொள்ளச் சொல்லும் பகராவின் 282வது வசனம்தான் குர்ஆனிலேயே மிக நீளமானது. அதை ஓதத் தெரிந்த நான் ஒரு தாளில் எழுதாமல் விட்டேன்.

ஒரு பக்கத் தாள் போதும். என்ன வேலை, என்ன அளவு, எந்தப் பொருளில், எந்தத் தேதிக்கு, மொத்தம் எவ்வளவு என்று எழுதுங்கள். பணத்தை வேலையின் கட்டங்களாகப் பிரியுங்கள்: பொருள் வாங்க ஒரு பகுதி, வரைவைக் காட்டியதும் ஒரு பகுதி, பொருள் கைக்கு வந்ததும் மீதி. எத்தனை முறை மாற்றம் கேட்கலாம், வேலை நின்றுபோனால் எவ்வளவு திரும்பும் என்பதையும் சேருங்கள். இருவரும் கையெழுத்திட்டு ஆளுக்கு ஒரு பிரதி வைத்துக்கொள்ளுங்கள். "நம்ம பையன்தானே, எழுதச் சொன்னால் சங்கடப்படுவான்" என்று நினைக்க வேண்டாம். வேலை முடித்துக் கொடுத்தும் மீதிப் பணத்துக்காக அலையும் கலைஞரையும் அதே தாள்தான் காப்பாற்றும்.

இனி கணக்கு. இரண்டு தவணைகளாக 9,000 ரூபாய் வந்துவிட்டது. மூன்றாவது தவணை 4,500 ரூபாய், "வர வேண்டியது" என்ற தலைப்பில் இவ்வாண்டு அறிக்கையில் இருக்கிறது. கவனக்குறைவால் அமானத் வீணானால் அதற்கு நிர்வாகியே பொறுப்பு. எனவே அந்தத் தொகை குறித்த தேதிக்குள் வராவிட்டால் என் கைப்பணத்திலிருந்து செலுத்துவதாக நிர்வாகக் குழுவிடம் எழுதிக் கொடுத்துவிட்டேன். இம்முறை பேப்பர் இருக்கிறது.

வஸ்ஸலாம்.
செயலாளர்