மேஜை மேல் ஒரு பறக்கும் ரயில்

வீட்டில் மாடல் ரயில் போட ஆசைப்படும் சென்னைக்காரருக்கு ஸ்டேஷன் என்றதும் மனதில் வருவது சென்ட்ரல், இல்லாவிட்டால் எழும்பூர். வராமல் எப்படி இருக்கும்? 1873-இல் எழுந்த சென்ட்ரலின் சிவப்பும் மணிக்கூண்டும், 1908-இல் ஹென்றி இர்வின் கைவண்ணத்தில் திறந்த எழும்பூரின் குவிமாடங்களும் ஊருக்கே அடையாளம். ஆனால் மாடலுக்கு ஸ்டேஷன் தேடுகிறவர் முகப்பைப் பார்த்து மயங்கினால் பாதி வேலையில் மாட்டிக்கொள்வார். நம் அறைக்குள் எது அடங்கும், அங்கே ரயிலுக்கு என்ன வேலை என்ற இரண்டையும்தான் முதலில் பார்க்க வேண்டும். அப்படிப் பார்த்தால், கூவம் ஆற்றோரத்தில் தூண்கள் மேல் நிற்கும், யாரும் நின்று ரசிக்காத சிந்தாதிரிப்பேட்டை பறக்கும் ரயில் நிலையம் மற்ற இரண்டையும் முந்திவிடுகிறது என்பது என் கட்சி.

கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். மாடல் ரயிலில் உலகெங்கும் அதிகம் புழங்கும் எச்.ஓ. என்ற அளவில் எல்லாம் 87-இல் ஒரு பங்கு. 24 பெட்டி எக்ஸ்பிரஸ் ஒன்று எஞ்சினைச் சேர்க்காமலே 530 மீட்டரைத் தாண்டும். அதை 87-ஆல் வகுத்தாலும் ஆறு மீட்டர். தி.நகர் அடுக்குமாடி வீட்டின் ஹாலில் அதற்கு இடம் ஏது? சென்ட்ரல் மாதிரி தடங்கள் முட்டி நிற்கும் முனையம் என்றால், பிளாட்பாரங்களுக்கு முன்னால் அத்தனை தடங்களும் விசிறியாய்ப் பிரியும் இடமும் வேண்டும். சரி, ரயிலை ஆறு பெட்டியாகக் குறைப்போம் என்றால் பிரமாண்டக் கட்டடத்தின் முன் அது அனாதையாக நிற்கும். கட்டடத்தையும் குறைத்தால் அது சென்ட்ரலே இல்லை. பறக்கும் ரயிலுக்கு இந்தத் தலைவலி கிடையாது. ஒன்பது பெட்டி மின்ரயில் மொத்தமே 190 மீட்டர்தான். நூறில் ஒரு பங்காக்கினால் இரண்டு மீட்டருக்குள் முடிந்துவிடும். போக ஒரு தடம், வர ஒரு தடம் போதும்.

நூறில் ஒரு பங்கு என்று சும்மா சொல்லவில்லை. நம் அகலப் பாதையில் தண்டவாளங்களின் இடைவெளி 1676 மில்லிமீட்டர். கடையில் கிடைக்கும் எச்.ஓ. தண்டவாளத்தில் அது 16.5, உண்மையில் 87-இல் ஒரு பங்குக்கு 19-க்கு மேல் இருக்க வேண்டும். அதனால் அந்தத் தண்டவாளத்தில் எச்.ஓ. அளவில் நம் ஊர்ப் பெட்டியை நிறுத்தினால் கால் ஒடுங்கித் தெரியும். 1:100-இல் அதே தண்டவாளம் ஏறக்குறைய கச்சிதமாகப் பொருந்தும். கட்டடக்கலை மாணவர்கள் மாடல் செய்வதும் பெரும்பாலும் இந்த அளவில்தான் என்பதால் மனிதர்கள், மரங்கள், கார்கள் கிடைப்பதும் எளிது. பெட்டிகளை மட்டும் நாமே வெட்டி ஒட்ட வேண்டும், அது உழைப்புதான். கட்டடத்தை அளக்க டேப் பிடிக்க வேண்டியதில்லை. உயரமான பிளாட்பாரம் தண்டவாளத்திலிருந்து 760 முதல் 840 மில்லிமீட்டர் உயரம், மாடலில் எட்டு மில்லிமீட்டர். பக்கவாட்டில் எடுத்த ஒரு படத்தில் அந்த உயரத்தை அளவுகோலாக வைத்துக்கொண்டால் தூண், கைப்பிடிச் சுவர், கூரை எல்லாவற்றையும் கணக்கிட்டுவிடலாம். ஒரு தூணுக்கு அச்சு செய்துவிட்டால் மீதித் தூண்கள் வார்ப்பு வேலை.

"அந்த சிமென்ட் பெட்டியையா மாடல் செய்வது?" என்று கேட்பவர்கள் இருப்பார்கள். அழகில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் மாடலில் கண் நிற்பது கட்டடத்தில் மட்டுமல்ல. மேலே ரயில், கீழே தெரு, பக்கத்தில் ஆறு என மூன்று மட்டம் ஒரே பலகையில் கிடைக்கிறது. தரைமட்ட ஸ்டேஷனில் இது வராது. அழுக்குக் கறை வழிந்த கான்கிரீட்டைத் தத்ரூபமாகக் கொண்டுவருவது புதுச் செங்கல் சிவப்பைப் பூசுவதைவிடக் கஷ்டமான வேலையும்கூட. விளக்குக்கும் ஒயருக்கும் அதே பேட்டையின் ரிச்சி தெரு இருக்கிறது. சரித்திரம் வேண்டுமா? செங்குன்றத்திலிருந்து சாலை போடக் கல் ஏற்றி வந்த, இந்தியாவின் முதல் ரயில் பாதை எனப்படும் தடம் 1837-இல் வந்து முடிந்தது சிந்தாதிரிப்பேட்டைப் பாலத்தருகேதான். சென்ட்ரலுக்கு அப்போது அஸ்திவாரம்கூடக் கிடையாது.

இதைவிட வலுவான ஆட்சேபம் ஒன்று உண்டு. ரயில் வரும், நிற்கும், போகும். ஷன்டிங் இல்லை, சரக்கு இல்லை, பத்து நிமிஷத்தில் சலித்துப்போகும். எஞ்சினை முன்னும் பின்னும் ஓட்டிப் பெட்டி மாற்றுவதில் ருசி கண்டவருக்கு இந்த ஸ்டேஷன் சரிப்படாது. அவர் 12 மில்லிமீட்டர் தண்டவாளத்தில் பழைய மீட்டர் கேஜ் எழும்பூரின் ஒரு மூலையை மட்டும் செய்யலாம். எழும்பூர்க் கட்டடம் தடங்களை ஒட்டி நீளவாக்கில் நிற்பதால் முகப்பை மட்டும் சுவரோரம் நிறுத்தினாலும் எடுபடும். மற்றவர்களுக்குச் சிந்தாதிரிப்பேட்டையே ஒரு கதையைத் தந்திருக்கிறது. கடற்கரை நிலையத்துக்கும் எழும்பூருக்கும் இடையே நான்காவது தடம் போடுவதற்காக, 2023 ஆகஸ்ட் முதல் 2024 அக்டோபர் வரை வேளச்சேரி ரயில்கள் கடற்கரைக்குப் போகாமல் சிந்தாதிரிப்பேட்டையோடு திரும்பின. அந்த ஓராண்டுச் சொச்சத்தை மாடலின் காலமாக எடுத்துக்கொண்டால், வழியில் இருந்த ஸ்டேஷன் முனையமாகிவிடும். தடம் மாற ஒரு ஜோடி பாயின்ட், வேளச்சேரிப் பக்கம் கட்டடங்களுக்குப் பின்னால் ரயில் மறைந்து காத்திருக்க ஒரு மீட்டர் சொச்சம் இடம், பிறகு நேர அட்டவணை. பெட்டியை ஐந்தாகக் குறைத்தால் எல்லாமே மூன்று மீட்டர் பலகையில் அடங்கும்.