புறம்போக்கும் ஜான் லாக்கும்

‘தாராளம்’ என்றால் நமக்குக் கை நிறையக் கொடுப்பது. 1991க்குப் பிறகு ‘தாராளமயம்’ என்றதும் அந்நிய முதலீடு நினைவுக்கு வருகிறது. இவற்றுக்கு நடுவே தாராளவாதம் என்கிற அரசியல் கொள்கை காணாமல் போய்விட்டது. 1916-ல் சென்னையில் தொடங்கிய நீதிக்கட்சி, தன் ஆங்கிலப் பெயரிலிருந்த ‘லிபரல்’ என்ற சொல்லை ‘நல உரிமை’ என்று தமிழாக்கிக்கொண்டது: தென்னிந்திய நல உரிமைச் சங்கம். என்னைக் கேட்டால் அதுவே நல்ல பெயர். கொள்கையின் கருவே உரிமைதான். எவரும் அடிமையாகப் பிறப்பதில்லை, அரசு மக்களின் சம்மதத்தால் நிற்கிறது, ஆள்வோரும் சட்டத்துக்கு உட்பட்டவர்களே.

இதற்கு அடித்தளமிட்டவர் இங்கிலாந்தின் ஜான் லாக். உயிர், சுதந்திரம், சொத்து ஆகியவற்றைக் காக்கத்தான் அரசு என்றார், 1689-ல் வந்த நூலில். சரி, சொத்து எப்படி வருகிறது? பொதுவில் கிடக்கும் நிலத்தில் ஒருவர் உழைத்தால் அது அவருடையதாகிறது. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் உழாமல் கிடப்பது லாக்கின் கணக்கில் வீண் நிலம்.

இந்தக் கணக்கு இடிக்கும் இடம் கும்மிடிப்பூண்டி வட்டத்திலேயே இருக்கிறது. தேர்வாய் கண்டிகையில் சிப்காட் தொழிற்பேட்டைக்காக அரசு எடுத்தது 1,100 ஏக்கருக்கும் மேல். பதிவேட்டில் அது மேய்க்கால் புறம்போக்கு. தலித் மக்கள் பெரும்பான்மையாக வாழும் அந்த ஊருக்கோ அதுதான் மாடு மேயும் இடம், விறகு கிடைக்கும் காடு, ஏரிகளுக்கு நீர் வரும் வழி. மறியல், கைது, வழக்கு என்று போராடிப் பார்த்தார்கள். பிரெஞ்சு நிறுவனமான மிஷெலினின் டயர் ஆலை வந்தது. 2012-ல் புகார் பிரான்ஸ் வரை போனது. பட்டா நிலத்தை எடுத்தால் இழப்பீடு கேட்கலாம். தலைமுறை தலைமுறையாக மாடு மேய்த்ததற்குப் பட்டா ஏது?

சொத்துரிமையைத் தமிழ்நாட்டில் உரக்கப் பேசியவர் ராஜாஜி. நாக்பூரில் காங்கிரஸ் கூட்டுப் பண்ணைத் தீர்மானம் போட்ட 1959-லேயே சுதந்திரா கட்சியைத் தொடங்கினார். குடியானவர் நிலத்தில் அரசு கைவைக்கக் கூடாது, பெர்மிட் லைசென்ஸ் ராஜ்யம் ஒழிய வேண்டும் என்றார். அரசின் மேல் அவர் கொண்ட சந்தேகம் நியாயமானது. மேய்க்காலை நம்பியவர்களுக்கு அதில் என்ன இருந்தது என்பது வேறு கேள்வி.

பிறருக்குத் தீங்கு வராதவரை ஒருவர் வாழ்க்கையில் சமூகமோ அரசோ தலையிடக் கூடாது என்று 1859-ல் எழுதினார் ஜான் ஸ்டூவர்ட் மில். அவர் 35 ஆண்டுகள் சம்பளம் வாங்கியது கிழக்கிந்தியக் கம்பெனியில். இன்னும் பக்குவப்படாத சமூகங்களுக்கு இந்தச் சுதந்திரம் பொருந்தாது என்றும் அவரே எழுதிவைத்தார். பக்குவப்படாதவர்களில் நாமும் உண்டு.

தொழிற்சாலைக்குள் பிரச்சினை வேறு மாதிரி. அமெரிக்காவில் ரொட்டிக் கூடத் தொழிலாளர்களுக்கு நாளுக்கு 10 மணி நேரம் என்று வரம்பு வைத்த சட்டத்தை, ஒப்பந்த சுதந்திரத்துக்கு விரோதம் என்று 1905-ல் உச்ச நீதிமன்றம் தள்ளியது. ஆங்கிலேயத் தத்துவவாதி டி.எச். கிரீன் 1881-லேயே இதற்குப் பதில் சொல்லியிருந்தார்: வேறு வழியில்லாதவர் போடும் கையெழுத்து சுதந்திரம் ஆகாது. 2023 ஏப்ரல் 21 அன்று நம் சட்டப்பேரவை 12 மணி நேர வேலைக்கு வழிசெய்யும் திருத்தத்தை நிறைவேற்றியபோது, விரும்பும் தொழிலாளர்களுக்கு மட்டுமே என்றது அரசு. லேபர் கான்ட்ராக்டர் கூட்டிவந்த ஒடிசா இளைஞர் ‘விருப்பமில்லை’ என்று சொல்லிவிட்டு மறுநாள் கேட்டுக்குள் நுழைய முடியுமா? தொழிற்சங்கங்களும் கூட்டணிக் கட்சிகளும் எதிர்த்தன. மே தினத்தன்று மசோதா திரும்பப் பெறப்பட்டது.

உரிமை யாருக்கு என்ற கேள்வி இன்னொரு இடத்திலும் எழுகிறது: அதே கும்மிடிப்பூண்டியில் இலங்கைத் தமிழ் அகதிகள் முகாமும் இருக்கிறது. நம் அரசமைப்பில், சட்டத்தின் முன் சமத்துவம் தரும் 14-வது பிரிவும் உயிரைக் காக்கும் 21-வது பிரிவும் எல்லா மனிதருக்கும் பொது. பேசவும், விரும்பிய ஊரில் குடியிருக்கவும், விரும்பிய தொழில் செய்யவும் உரிமை தரும் 19-வது பிரிவு குடிமக்களுக்கு மட்டும். இந்த மண்ணிலேயே பிறந்து வளர்ந்த முகாம் பிள்ளைகள் பலருக்குக் குடியுரிமை இன்னும் கிடைக்கவில்லை.