கிளிப்பிள்ளையும் டாக்டர் ஸ்பைட்சோவும்

தோட்டத்து லயங்களில் வளர்ந்தவர்களுக்கு இந்தக் காட்சி நினைவிருக்கும். ஊரிலிருந்து கடிதம் வந்தால் அதை வாசித்துச் சொல்ல ஒரு பையனைத் தேடுவார்கள். நாலாம் வகுப்புப் படித்தவனாக இருந்தாலும் போதும். தேத்தண்ணி கொடுத்து அவனை உட்கார வைத்துப் பாட்டிமார் சுற்றியிருந்து கேட்பார்கள். அவன் திக்கித் திக்கி வாசித்தாலும் குறை சொல்ல மாட்டார்கள். சேதி காதில் விழுந்தால் சரி!

அந்தப் பையனின் வேலையைக் கம்ப்யூட்டர் கற்றுக்கொண்ட கதையைத்தான் சொல்லப்போகிறேன். அதில் ஒரு முக்கியமான பங்கு சிங்கப்பூருக்கு உண்டு.

சிங்கப்பூருக்குப் போனவர்கள் தேக்கா மார்க்கெட்டையும் சிராங்கூன் சாலையையும் மறந்திருக்க மாட்டீர்கள். மல்லிகைச் சரமும் மசாலா வாசனையுமான அந்த வீதியை விட்டு ரோச்சோர் கால்வாய்ப் பக்கம் சற்று நடந்தால் சிம் லிம் டவர், சிம் லிம் ஸ்குவேர் என்று இரண்டு கட்டடங்கள். முதலாவதில் ஒயர், டிரான்சிஸ்டர் போன்ற சில்லறைச் சாமான்கள், மற்றதில் கம்ப்யூட்டர். 1990-களில் கம்ப்யூட்டர் வாங்கியவர்களில் பலர் அதற்குள் செருக ‘சவுண்ட் பிளாஸ்டர்’ என்ற அட்டையையும் சேர்த்து வாங்கினார்கள். அது வரை வெறும் ‘பீப் பீப்’ என்று கத்திக்கொண்டிருந்த பெட்டிக்கு அந்த அட்டை வாய் கொடுத்தது.

அதைச் செய்தது அமெரிக்கக் கம்பெனி என்று நினைத்துவிடாதீர்கள். சிம் வோங் ஹூ என்ற சிங்கப்பூர்க்காரர், நீ ஆன் தொழிற்கல்லூரியில் படித்தவர், 1981-இல் சைனா டவுனில் பேர்ல்ஸ் சென்டர் கட்டடத்தில் தோழர் ஒருவருடன் சேர்ந்து கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை வைத்தார். (அந்தக் கட்டடம் இப்போது இல்லை.) ஹார்மோனிகா வாசிப்பதில் அவருக்குப் பிரியம். அதனால்தானோ என்னவோ, கம்ப்யூட்டர் ஊமையாக இருப்பது அவருக்குப் பொறுக்கவில்லை. 1986-இல் சீன எழுத்தும் காட்டி, பேசவும் இசைக்கவும் கூடிய ‘கியூபிக் சிடி’ என்ற கம்ப்யூட்டரைக் கொண்டுவந்தார். வாங்க ஆளில்லை, போட்ட பணம் போயிற்று. மனிதர் விடவில்லை. பெட்டியை விற்க முடியாவிட்டால் குரலை மட்டும் விற்போமே என்று அட்டை செய்வதில் இறங்கினார். 1989-இல் சவுண்ட் பிளாஸ்டர் வந்தது. 1992-இல் அவருடைய ‘கிரியேட்டிவ்’ நிறுவனம் அமெரிக்காவின் நாஸ்டாக் பங்குச் சந்தையில் ஏறியது. சிங்கப்பூர் நிறுவனங்களில் அதுதான் முதல்.

அட்டையோடு சில வேடிக்கைகளும் வந்தன. ஒன்று பேசும் கிளி. மைக்கில் நீங்கள் சொன்னதையே திருப்பிச் சொல்லும். சிராங்கூன் சாலையில் கிளி ஜோசியம் பார்த்தவர்களுக்கு இதில் என்ன அதிசயம் என்று தோன்றும்! இன்னொன்று ‘டாக்டர் ஸ்பைட்சோ’. நீலத் திரையில் உங்கள் பெயரைக் கேட்பார். தட்டினால், பெயர் சொல்லி அழைத்து மனக்குறை என்ன என்று கரகரத்த குரலில் விசாரிப்பார். அவருக்கு ஒன்றும் புரியாது என்பது வேறு விஷயம். 1966-இல் எம்.ஐ.டி.யில் ஜோசப் வைசன்பாம் எழுதிய ‘எலைசா’வின் தந்திரம்தான்: உங்கள் சொல்லையே கேள்வியாகத் திருப்பிப் போடுவது. மிதமிஞ்சித் திட்டினால் டாக்டர் நிலைகுலைந்து கண்ட கண்ட எழுத்துக்களைக் கொட்டுவார். பிள்ளைகள் அதைப் பார்ப்பதற்கென்றே திட்டினார்கள்.

கிளிக்கும் டாக்டருக்கும் உள்ள வித்தியாசத்தைக் கவனியுங்கள். கிளி, பதிந்த ஒலியைத் திருப்பித் தருகிறது. டாக்டரோ யாரும் பேசிப் பதியாத உங்கள் பெயரை, எழுத்தைப் பார்த்தே உச்சரிக்கிறார். எழுத்துக்கூட்டும் விதிகளைக் கொண்டு சொல்லைச் சின்னச் சின்ன ஒலிகளாகப் பிரித்து, பின் அவற்றைக் கோத்துப் பேச வேண்டும். இந்த வித்தையைச் சிங்கப்பூர் கண்டுபிடித்தது என்று சொன்னால் பொய். 1982-இலேயே ‘சாம்’ என்ற புரோகிராம் ஆப்பிள், அட்டாரி, கமடோர் ஆகிய வீட்டுக் கம்ப்யூட்டர்களில் பேசியது. 1984 ஜனவரியில் மேக்கின்டோஷ் மேடையிலேயே தன்னை அறிமுகம் செய்துகொண்டது. டாக்டர் ஸ்பைட்சோவின் குரல்கூட ‘ஃபர்ஸ்ட் பைட்’ என்ற அமெரிக்க நிறுவனத்தின் சரக்கு.

அந்த டாக்டருக்குத் தமிழ் தெரியாது. ஆங்கில எழுத்தில் ‘வணக்கம்’ என்று தட்டினால், நேற்றுக் கப்பலில் வந்திறங்கிய துரை தமிழ் பேசுவது போல இருக்கும். ‘ழ’வுக்கோ வழியே கிடையாது. சிங்கப்பூரின் நான்கு ஆட்சிமொழிகளில் தமிழும் ஒன்று. ஆனாலும் இதுதான் நிலைமை.

தமிழை வாசிக்க வைப்பது ஆங்கிலத்தைவிடச் சுலபம், எழுதியபடியே படிக்கலாமே என்பீர்கள். பாதி உண்மை. ‘காகம்’ என்று சொல்லிப் பாருங்கள். முதல் எழுத்து வன்மையாக வருகிறது, நடு எழுத்து மென்மையாகிவிடுகிறது. ‘தங்கம்’, ‘பக்கம்’ இரண்டிலும் அதே ‘க’தான், ஒலி வெவ்வேறு. நம் பிள்ளைகள் இதை யாரும் சொல்லித்தராமலே பிடித்துக்கொள்கிறார்கள். இயந்திரத்துக்கு ஒவ்வொன்றையும் விதியாக எழுதிவைக்க வேண்டியிருக்கிறது.

இதெல்லாம் விளையாட்டுச் சமாசாரம் என்று ஒதுக்கிவிட முடியாது. கண் தெரியாதவர்களுக்கு இந்தக் குரல்தான் புத்தகம், பத்திரிகை, கடிதம் எல்லாம். பார்வையற்ற இரண்டு ஆஸ்திரேலிய நண்பர்கள், மைக்கேல் கரனும் ஜேம்ஸ் டேவும், திரையில் உள்ளதை வாசித்துச் சொல்லும் ‘என்விடிஏ’ என்ற புரோகிராமைச் செய்தார்கள். 2006-இல் தொடங்கிய அந்த வேலையின் பலனை உலகத்துக்கே இலவசமாகக் கொடுத்தார்கள். அதனுடன் வரும் ‘ஈஸ்பீக்’ குரலுக்குத் தமிழும் தெரியும். தகர டப்பாவுக்குள்ளிருந்து பேசுவது போலிருக்கும், ஆனால் தமிழ். இப்போது ஆண்ட்ராய்டு கைபேசியில் அதைவிட இனிமையான தமிழ்க் குரல்களே கிடைக்கின்றன.

சிம் வோங் ஹூ 2023 ஜனவரியில், தமது 67-ஆம் வயதில் காலமானார்.

உங்கள் வீட்டில் கண் மங்கிய பெரியவர்கள் இருந்தால் ஒருநாள் பக்கத்தில் உட்கார்ந்து, கைபேசியின் அமைப்புகளில் எழுத்தை வாசிக்கும் வசதியைத் தேடி, மொழியைத் தமிழுக்கு மாற்றிக் கொடுங்கள். வேகத்தை நன்றாகக் குறைத்து வையுங்கள். முதலில் பத்திரிகைச் செய்தி வேண்டாம். பேரன் பேத்தி யாராவது எழுதிய நாலு வரியை வாசிக்க விடுங்கள். ஊர்ப் பெயரும் ஆள் பெயரும் கொஞ்சம் தடுமாறும். பாட்டி புரிந்துகொள்வார்.