யூரோ நாடுகளுக்குச் செல்லும் நம் பிள்ளைகளுக்கு: ரொக்கம், கார்டு, வங்கிக் கட்டணம்



வளைகுடா போய்வந்த நம்மவர்களுக்கு ரியாலும் திர்ஹமும் பழக்கம். இப்போது கும்மிடிப்பூண்டி சிப்காட் வேலையிலிருந்து பயிற்சிக்கும், கல்லூரி முடித்து மேற்படிப்புக்கும் நம் பிள்ளைகள் ஜெர்மனி, பிரான்ஸ் என்று புறப்படுகிறார்கள். சென்ற மாதம் அஸர் தொழுகைக்குப் பின் ஒரு தகப்பனார் மகனின் வங்கிக் கணக்குத் தாளோடு அலுவலகம் வந்தார். "பாய், பையன் எடுத்தது நூறு யூரோதான். இவ்வளவு ஏன் பிடித்தார்கள்?" என்று கேட்டார். கைமாற்று வாங்கி அனுப்பிய பணம். அவருக்குச் சொன்னதை எல்லோருக்குமாக எழுதுகிறேன்.

பையன் இருபது இருபது யூரோவாக ஐந்து தடவை எடுத்திருந்தார். கணக்கு எளிதாக இருக்க ஒரு யூரோவை 100 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். நூறு யூரோ 10,000 ரூபாய். நாணய மாற்றுக்காக வங்கி 3.5 சதவீதம் சேர்த்தால் 350; அதன் மேல் 18 சதவீத ஜிஎஸ்டி 63. ஏடிஎம் கட்டணம் தடவைக்கு 150 என்றால் ஜிஎஸ்டியோடு 177. ஒரே தடவையில் எடுத்திருந்தால் செலவு 590 ரூபாய். ஐந்து தடவையில் எடுத்ததால் 1,298. வங்கிக்கு வங்கி இது மாறும். புறப்படும் முன் கேட்டுக்கொள்ளுங்கள்.

அங்குள்ள ஏடிஎம்மும் கடை மிஷினும் "ரூபாயிலா, யூரோவிலா?" என்று கேட்கும். யூரோவையே தேர்ந்தெடுங்கள். ரூபாய் என்றால் அவர்கள் வைத்ததே விலை. பெரும்பாலும் நமக்கு நஷ்டம்.

கிரெடிட் கார்டில் ரொக்கம் எடுக்கவே வேண்டாம். எடுத்த நாளிலிருந்தே வட்டி ஓடும். அது பணநஷ்டம் மட்டுமல்ல, நமக்கு ஹராம். டெபிட் கார்டோ, யூரோ ஏற்றிய ஃபாரெக்ஸ் கார்டோ போதும். ஆனால் சுவிட்சர்லாந்தில் பிராங்க், போலந்தில் ஸ்லோட்டி. அங்கே யூரோ கார்டைத் தேய்த்தால் மறுபடியும் மாற்றுக் கட்டணம் விழலாம்.

ரிசர்வ் வங்கி விதிப்படி ஒரு பயணத்துக்கு 3,000 டாலர் மதிப்பு வரை வெளிநாட்டு நோட்டு வாங்கலாம். உரிமம் பெற்ற இடத்தில் வாங்கி, ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். ஜெர்மனியில் பல சின்னக் கடைகள் ரொக்கம்தான் கேட்கும். ஸ்வீடனிலோ ரொக்கமே வாங்காத கடைகள் உண்டு. அதனால் இரண்டும் கையில் இருக்கட்டும்.

இன்னும் மூன்று விஷயங்கள். 2020 முதல் புதிய கார்டுகள் இந்தியாவுக்குள் மட்டும் செல்லும்படியே வருகின்றன. வெளிநாட்டு உபயோகத்தை வங்கி ஆப்பில் நாமே திறந்துவிட வேண்டும். ஓடிபி இந்திய எண்ணுக்குத்தான் வரும். அந்த சிம்மை ரோமிங்கோடு உயிரோடு வைத்திருங்கள். இரண்டு கார்டுகளை ஒரே பர்ஸில் வைக்காதீர்கள். தொலைந்தால் முடக்க வேண்டிய எண்ணை வீட்டிலும் எழுதிக் கொடுத்துச் செல்லுங்கள்.

பயணம் புறப்படும் பிள்ளைகள் மஃரிபுக்குப் பின் கார்டோடும் செல்போனோடும் அலுவலகம் வந்தால், உட்கார்ந்து சரிபார்த்துத் தருகிறோம், இன்ஷா அல்லாஹ்.

வஸ்ஸலாம்.
செயலாளர்